கேட்டாத்தான் கயிறு

ஏனுங்க, நீங்க நம்ம மெக்கானிக் சேவியர்கிட்டக் கேட்டது என் காதுலயும் உழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலைங்க. இந்தத் தகரக் கூரைக்குக் கீழ எதைப் பேசினாலும் ரோட்டுக்கே கேக்கும். கம்பெனியிலயே லாக்கர் போட்டு வர்ற வண்டியா வாங்கறதா, இல்ல இருக்கற ஜீப்புக்கு வெளிய வாங்கி மாட்டறதான்னுதானுங்களே கேட்டீங்க? அவன் பதில் சொல்லாம சிரிச்சுட்டு என் பக்கம் கையக் காட்டினான் பாருங்க. அதுல ஒரு குத்தல் இருக்குது. இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கேள்விக்கு இந்தப் பொள்ளாச்சி வட்டாரத்துல என்னைய உட்டா ஆளில்லைங்க. உக்காருங்க. உங்க வண்டிக்கு இன்னும் வீலே கழட்டலை. டீ சொல்லட்டுங்களா?

எம்பேரு மாசிலாமணி. ஆனைமலை ரோட்டுல தென்னை நாத்துப் பண்ணை வெச்சிருக்கறனுங்க. ஜீப்பு பொழப்புக்கு இல்ல, ஆசைக்கு. பதினோரு வருசத்துக்கு முன்னால நாங்க ஆறு பேரு சேந்து ஒரு கிளப் ஆரம்பிச்சோம். ஐப்பசி மழையில ஒரு ஞாயித்துக்கிழமை. பழைய கல்லுக்குழி ஒண்ணு இருக்குது, சேறும் தண்ணியுமா கெடக்கும். அதுல வண்டிய எறக்கி அக்கட்டால கரையில ஏத்தோணும். அதான் போட்டி. ஆறு வண்டியா இருந்தது இப்ப நாப்பது வண்டியா ஆயிப்போச்சு.

அங்க ஒரு சட்டம் இருக்குதுங்க. வண்டி சேத்துல மாட்டிக்கிச்சுன்னா, ஓட்டறவன் எஞ்சினை அணைச்சுப்போட்டு, கரையில இருக்கற எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி "கயிறு போடுங்க"ன்னு வாய் உட்டுக் கேக்கோணும். கேக்காம எவனும் கயித்தைத் தொடப்படாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே நாந்தானுங்க. மூணாவது வருசம் ஒருத்தன் மாட்டிக்கிட்டு, பயத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருந்தான். இன்னொருத்தன் அவசரப்பட்டு ஓடிப்போய்க் கயித்தைக் கட்டினான். கயிறு அந்து ஆளோட காதோரமாப் போச்சு. ஒரு விரக்கடை இந்தப் பக்கம் வந்திருந்தா தலை இருக்காது. அதுக்காகப் போட்ட சட்டம். நல்ல சட்டம். இன்னைக்கும் அதைத்தான் சொல்றேன்.

இப்ப லாக்கருக்கு வர்றேன். லாக்கர் இல்லாத வண்டி என்னங்க பண்ணும்? பின்னால ரெண்டு சக்கரம். ஒண்ணு பள்ளத்துல அந்தரத்துல தொங்குது, இன்னொண்ணு மண்ணைக் கவ்வி நிக்குதுன்னு வெச்சுக்கங்க. எஞ்சின் குடுக்கற பலமெல்லாம் தொங்கற சக்கரத்துக்குத்தான் போகும். அது சும்மா விசுவிசுன்னு சுத்தும். மண்ணுல நிக்கறது அசையாது. வேலை செய்யறவனுக்கு ஒண்ணுமில்ல, வெட்டிப்பயலுக்கு அத்தனையும். லாக்கர் போட்டா ரெண்டையும் ஒண்ணாப் பூட்டிப்போடும். ஒண்ணு சுத்தினா ரெண்டும் சுத்தியாகோணும். இவ்வளவுதான் சங்கதி.

என் ஜீப்புல அது இல்லைங்க அப்ப. போன வருசத்துக்கு முந்தின வருசம், கல்லுக்குழி நடுவுல, சொன்னேன் பாருங்க, அதே மாதிரி ஒரு சக்கரம் தொங்கிப்போச்சு. சுத்துது, சுத்துது, வண்டி நகரலை. நான் என்ன பண்ணினேன்? சட்டம் போட்டவனாச்சே. எஞ்சினை அணைச்சேன். எந்திரிச்சு நின்னு "கயிறு போடுங்க"ன்னேன். கரையில மைக்கோட நின்னுக்கிட்டு இருந்தது வெள்ளிங்கிரி.

வெள்ளிங்கிரி யாருன்னா, எங்க ஊட்டுக்காரி கலாமணிக்குப் பெரியப்பன் மகன். எனக்கு மச்சான். கொப்பரைக் களம் வெச்சிருக்கறான். நேர்ல மச்சான்னுதான் கூப்புடுவேன், மனசுக்குள்ள அவன்தான். அந்த வருசந்தான் புது வண்டி எடுத்திருந்தான், கம்பெனியிலயே லாக்கர் போட்டது. அவன் மைக்குல சொல்றான், "மாப்ள, காதுல உழுகலை!"

மறுபடி கேட்டேன். "இன்னும் சித்த சத்தமா மாப்ள, காலையில சாப்புடலியா?" மூணாவது வாட்டி கேட்டேன். அதுக்கப்பறந்தான் கயிறு வந்துச்சு. கரையில நின்ன சனம் அத்தனையும் சிரிச்சுது. என் பக்கத்து சீட்டுல கலாமணியும் சிரிச்சாளுங்க. இருமினேன்னு இன்னைக்கும் சாதிக்கறா. இருபத்தாறு வருசம் கூட இருந்தவனுக்கு இருமலுக்கும் சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா?

அதோட உட்டானா? ஒரு கல்யாணத்துல பந்தியில எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்தான். எலையில ரசம் வரலை. "மாப்ள, கேளு, கேட்டாத்தான் ஊத்துவாங்க"ங்கறான். வெளையாட்டுக்குச் சொன்னானாம். பாதிச் சோத்துல எலையை மூடிட்டேனுங்க. எந்திரிச்சு வந்து கை கழுவறப்பவே முடிவு பண்ணிட்டேன். இவன் கயிறு கேக்கோணும். நான் மைக்கைப் புடிச்சுக்கிட்டுக் கரையில நிக்கோணும். அவன் மூஞ்சி செத்துப் போறதை நான் பக்கத்துல இருந்து பாக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

கலாமணி சொன்னா, "மாமா, அவ்வளவு வெசனமா இருந்தா இந்த ஜீப்பைக் குடுத்துப்போட்டு லாக்கரோட வர்ற வண்டியே எடுத்துக்கலாம். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி வரும்." எப்படி இருக்குது பாருங்க பேச்சு. அவ அண்ணன் வண்டி மாதிரியே நானும் வாங்கோணுமாம். அப்பறம் அவனைப் பாத்துக் கத்துக்கிட்டேன்னு ஆயிராதுங்களா?

நாயமாவே சொல்றேன், கம்பெனி லாக்கர் மோசமில்லைங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சக்கரம் வெறுமனே சுத்துதுன்னா அதுவாப் பூட்டிக்கும், வேலை முடிஞ்சா அதுவா அவுந்துக்கும். ஆக்சிலு, சக்கரத்தைச் சுத்த வெக்கற ஷாஃப்ட்டு எல்லாம் அதுக்குத் தக்கன போட்டிருப்பான். ஆனா நீங்க சொன்னாக் கேக்காது. அதுக்கே தோணோணும். வெளிய வாங்கறது அப்படி இல்ல. நான் வாங்கினது காத்துல பூட்டறது. சின்னதா ஒரு கம்ப்ரசர், முன்னால ஒரு சுவிட்சு. அமுக்கினா பூட்டும், உட்டா அவுரும். நான் பூட்டுன்னா பூட்டோணும். எனக்கு வேண்டியது அதானுங்க.

வெளிநாட்டுலருந்து வரோணும். நாலு மாசம் ஆச்சு. பார்சல் வர்ற அன்னைக்குப் பாத்து எம்பொண்ணுக்கு ஓசூர்ல ரெண்டாவது பிரசவம். கலாமணி பையை எடுத்து வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறா. நான் சொன்னேன், "நீ பஸ்ஸுக்குப் போ கண்ணு, நான் நாளைக்கு வர்றேன்." கொழந்தை எங்கீங்க போயிரப் போகுது? பார்சல்னா கையெழுத்துப் போட ஆளில்லைன்னாத் திரும்பிப் போயிருமில்லீங்க. ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தேன். ஆண் கொழந்தை. நல்லாத்தான் இருந்துச்சு. கலாமணி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா. எனக்கு ஏன்னே புரியலை.

சேவியர்தான் மாட்டிக் குடுத்தான், இந்தப் பட்டறைக் குழிமேல நிறுத்தி. மாட்டறப்பவே சொன்னானுங்க, மறைக்க மாட்டேன். "அண்ணா, லாக்கர் புதுசு, கெட்டி. உங்க ஷாஃப்ட்டு வண்டியோட வயசு. லாக்கர் பூட்டினா மொத்தப் பலமும் சில சமயம் ஒரே ஷாஃப்ட்டு மேல எறங்கும். அதையும் மாத்திப்போடுங்க." கெட்டி ஷாஃப்ட்டு வரோணும்னா இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னான். போட்டிக்கு மூணு வாரந்தான் இருக்குது. அடுத்த வருசம் வரைக்கும் அந்தக் கல்யாணப் பந்தி ரசத்தை நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? கலாமணியும் சொன்னா, "சேவியர் சொல்றாப்புடியே பண்ணுங்க மாமா." ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதிரி.

சரி, அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். போன வருசம்.

நான் மொதல்ல எறங்கினேன். போன வாட்டி மாட்டின அதே எடம். சுவிட்சை அமுக்கினேன், டுஸ்ஸுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், வண்டி நடந்து ஏறிப்போச்சுங்க. சொகமா ஏறுச்சு. கலாமணி பக்கத்துல, "எடது பக்கம் கல்லு, மெல்ல, இப்ப நேரா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. அவ எப்பவும் அப்படித்தான், எனக்குத் தெரியாதாட்டம் சொல்லுவா.

எனக்குப் பின்னாலயே வெள்ளிங்கிரி வந்தான். வந்தவன் நடுவுல ஒரு மேட்டுமேல ஏறி, வண்டி வயித்துப்பக்கம் மண்ணுல உக்காந்துக்கிச்சு. நாலு சக்கரமும் பேருக்குத்தான் தரையைத் தொடுது. கம்பெனி லாக்கர் பூட்டத்தான் செஞ்சுது. பூட்டி என்னங்க, கவ்வறதுக்கு மண்ணு வேண்டாமா? நாலும் சேந்து சேத்தைக் கடையுது. எனக்கு அந்த நிமிசம் இருந்த சந்தோசம் எங்கல்யாணத்து அன்னைக்குக் கூட இல்லைங்க. வண்டியை விட்டு எறங்கி ஓடினேன், மைக்கைப் புடுங்கினேன். கரையில வந்து நின்னேன். ஒரு வருசமா மனசுக்குள்ள ஒத்திகை பாத்த எடம்.

அவன் என்ன பண்ணினான் தெரியுமுங்களா? எஞ்சினை அணைச்சான். சீட்டுமேல ஏறி நின்னான். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டான். "மாப்ள! கயிறு போடு சாமி! காதுல உழுந்துச்சா, இல்ல இன்னும் சத்தமா வேணுமா?" அவனே இன்னொரு வாட்டி கேக்கறான். பாட்டு மாதிரி இழுத்து இன்னொரு வாட்டி. சனம் சிரிக்குது, அவன் அதுக்கு மேல சிரிக்கறான். நான் மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

அது எப்படிங்க? ஒரு மனுசனுக்குக் கேக்கறப்ப வலிக்க வேண்டாமா? நான் ஒரு வருசம் வெந்தேன். அவனுக்கு அது சந்தைக்குப் போய்த் தக்காளி கேக்கற மாதிரி இருக்குது. ஏமாத்திட்டானுங்க என்னைய. வேணும்னேதான் அப்படிச் சிரிச்சான், நான் இன்னைக்கும் அடிச்சுச் சொல்லுவேன்.

"கேட்டுட்டாருல்லங்க, போடுங்க"ன்னா கலாமணி. போட்டேன். ஆனா நேரா, மெல்ல, பதனமா இழுக்கலை. அவன் பல்லு ஒண்ணோட ஒண்ணு தட்டோணும்னு நெனைச்சேன். கயித்தைத் தொய்வா உட்டேன். லாக்கரைப் பூட்டினேன். ஸ்டியரிங்கை ஓரமா ஒடிச்சு வெச்சுக்கிட்டு ஒரே மிதி. கலாமணி "மாமா, பூட்டி வெச்சுட்டு ஒடிக்காதீங்க, தரை கெட்டியா இருக்குது"ன்னு கத்தினா. கத்தி முடிக்கலை, டணார்னு ஒரு சத்தம்.

ஷாஃப்ட்டு, சக்கரத்துப் பக்கமா, கரும்பை முறிச்சாப்புல போச்சுங்க. சக்கரம் தனியாக் கழண்டு, யாரையும் கேக்காம, உருண்டு போய்த் தண்ணிக்குள்ள படுத்துக்கிச்சு. ஜீப்பு ஒரு பக்கமாச் சாஞ்சு பின்னாலயே வழுக்கி அதே குழிக்குள்ள உழுந்துச்சு. அவன்? நான் குடுத்த குலுக்கல்ல மேட்டுலருந்து கீழ எறங்கிட்டான். எறங்கினவன் கயித்தை அவுத்துப்போட்டு, சொகுசா ஓட்டிக்கிட்டுக் கரையேறிப் போயிட்டான். நான் குழிக்குள்ள, அவன் கரையில. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லைங்க.

ஓடி வந்தான். "மாப்ள, அடி ஏதும் படலியே? கலா, உனக்கு?" கேட்டுக்கிட்டே கயித்தைக் கொண்டாந்து என் ஜீப்பு முன்னால கொக்கியில மாட்டறான். நான் தண்ணிக்குள்ள எறங்கினேன், கயித்தை அவுத்தேன், தூக்கிக் கரையில எறிஞ்சேன். "நான் கேட்டனா?"

"அட, என்ன மாப்ள. அது கெடக்குது." மறுபடி மாட்டினான். மறுபடி அவுத்தேன். "சட்டம்னா சட்டம் மச்சான். ஓட்டறவன் கேக்காம கயித்தைத் தொடப்படாது." மூணாவது வாட்டி மாட்டினான், மூணாவது வாட்டியும் அவுத்தேன். அப்பறம் எல்லாரும் கரைக்கு ஏறிக்கிட்டாங்க. நான் போய் என் சீட்டுல உக்காந்துக்கிட்டேன்.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். மழை புடிச்சுக்கிச்சு. அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். தண்ணி சீட்டுக்கு வந்துருச்சு. மத்த வண்டியெல்லாம் கெளம்பிப் போச்சு. வெள்ளிங்கிரி மட்டும் குடையைக் கூட விரிக்காம கயித்தோட நிக்கறான், தர்மவானாட்டம். அவன் அப்படி நின்னதுதானுங்க எனக்கு இன்னும் எரிஞ்சுது. திட்டியிருந்தான்னா நான் எறங்கியிருப்பேன்.

கலாமணி? பக்கத்துலதான் இருந்தா. அவளுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்புடலைன்னாக் கை நடுங்கும். நடுங்குச்சு, பாத்தேன். ஒரு நாள்தானுங்களே. மொதல்ல, "கேளுங்க மாமா, ஒரு வார்த்தைதான்"ன்னா. சித்த நேரம் கழிச்சு, "எனக்காகக் கேளுங்க"ன்னா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அப்பறம் அவளே எந்திரிச்சு நின்னுக்கிட்டு, "அண்ணா, கயிறு போடுங்க"ன்னா.

நான் உடலைங்க. "ஓட்டறவன்தான் கேக்கோணும், இவ கேட்டது செல்லாது"ன்னு கத்தினேன். வெள்ளிங்கிரி என்னைய ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பாத்துட்டுத் தயங்கி நின்னான். கலாமணி என் பக்கம் திரும்பவே இல்லை. அவன்கிட்டச் சொல்றா, "வண்டிக்குக் கேக்கலீங்ணா. எனக்குக் கேக்கறேன்."

அதுக்கு என்னங்க சட்டம் இருக்குது? நான் அதை யோசிச்சு எழுதலையே. அவன் கயித்தை வீசினான், அவ இடுப்புல சுத்திக்கிட்டா, இடுப்புத் தண்ணியில எறங்கி நடந்தா. நடுவுல ஒரு வாட்டி வழுக்கி உழுந்து எந்திரிச்சா. கரையேறினதும் அவன் சட்டைப்பையில இருந்து மிட்டாய் எடுத்துக் குடுத்தான். வண்டியில ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். கலாமணி திரும்பிப் பாப்பான்னு இருந்தேன். பாக்கலை.

அப்பறம் நானும் தனியா எறங்கி நடந்து ஊடு வந்து சேந்தேன். அடுத்த நாள் தெரிஞ்ச டிராக்டர்காரனைக் கூட்டிக்கிட்டுப் போய் வண்டிய எடுத்தேன். டிராக்டர்காரன் கிளப்புல இல்ல, அவன்கிட்டக் கேட்டது கணக்குல வராது.

இல்லைங்க, கலாமணி ஊட்டுல தான் இருக்கறா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சோறாக்கறா, பேசறா, காப்பி கொண்டாந்து குடுக்கறா. பேரனை வீடியோவுல கூப்புட்டா எனக்கும் காட்டறா. ஜீப்புல மட்டும் ஏற மாட்டேங்கறா. பதினோரு மாசமாச்சு. கோயிலுக்குப் போனாலும் பஸ்ஸு, சந்தைக்குப் போனாலும் பஸ்ஸு. போன வாரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறா, நான் ஜீப்பை ஓட்டிக்கிட்டுப் பின்னாலயே போறேன். பின் கண்ணாடியில என்னையப் பாத்தா. பாத்துட்டுக் கம்பியை மாத்திப் புடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான்.

அவ வந்து, "தப்புதான் மாமா"ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே கதவைத் தொறந்து உடறேன். ஒரு வார்த்தைதானுங்களே. அது ஏன் அவளுக்கு வர மாட்டேங்குது? பொம்பளைக்கு இத்தனை வீம்பு ஆகாதுங்க. நானா? நான் எதுக்குங்க கூப்புடோணும்? எறங்கிப் போனது யாரு?

வெள்ளிங்கிரி கோயில் நோம்பிக்கு வந்து, "மாப்ள, நான் வேணும்னா கலாகிட்டப் பேசட்டுமா"ங்கறான். பண்றதையும் பண்ணிப்போட்டு நாட்டாமை பண்ண வர்றான். அவன் அன்னைக்குச் சிரிக்காம ஒழுங்காக் கேட்டிருந்தா நான் அப்படி இழுத்திருப்பனா? ஷாஃப்ட்டு போயிருக்குமா? இத்தனையும் யாரால?

அதாங்க, இப்பக் கெட்டி ஷாஃப்ட்டு வந்துருச்சு. ரெண்டு பக்கமும் போட்டாச்சு. முன்னாலயும் ஒரு லாக்கர் மாட்டச் சொல்லியிருக்கறேன், அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கறது. இந்த வாட்டி ஒடியறதுக்கு வண்டியில ஒண்ணும் பாக்கி இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை அவன் குழிக்குள்ள எறங்கட்டும். எப்படியும் மாட்டுவான். இந்த வாட்டி அவனைச் சிரிக்க உடாம கேக்க வெக்கறனா இல்லியா பாருங்க.

உங்க கேள்விக்குப் பதிலுங்களா? ஊட்டுல இருக்கறவங்க எது சொல்றாங்களோ அதைக் கேட்டு வாங்குங்கன்னு சேவியர் சொல்லுவான். அவனுக்கென்ன. நான் சொல்றேன், வெளிய வாங்கி மாட்டுங்க. சுவிட்சு உங்க கையில இருக்கும்.

எந்திரிச்சுட்டீங்களா? இருங்க, ஒரு நிமிசம். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு என்னங்க வேலை? ஒண்ணுமில்ல, போன வருசம் நடந்ததுக்கப்பறம் கிளப்புல புதுசா ஒரு சட்டம் கொண்டாந்துட்டாங்க. பக்கத்து சீட்டுல ஆளில்லாம வண்டியப் போட்டிக் கோட்டுல நிறுத்தவே உடமாட்டாங்களாம். நாத்துப் பண்ணையில வேலை செய்யறவங்களைக் கேட்டேன், சேவியரைக் கேட்டேன், ஆளாளுக்கு ஒரு சோலி சொல்றாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். கல்லு, பள்ளம் எதுவும் சொல்ல வேண்டாம், எல்லாம் எனக்கே தெரியும். சும்மா உக்காந்து வந்தாப் போதும். வாங்களேன். உங்ககிட்டக் கேக்கறதுக்கு எனக்கென்னங்க கூச்சம்? நீங்க யாரோ ஒருத்தர்தானுங்களே.